அணியில் மூன்று பெண்கள், மூன்று குரல்கள்

பெண்கள் அணி ஒன்றை வைத்துத் தமிழில் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் போட நினைப்பவர்கள் முதலில் வரைவது உடைகளைத்தான். முகமூடி, பெல்ட், பூட்ஸ் எல்லாம் பிரமாதமாக வந்திருக்கும். ஆனால் மூன்று பேரும் வாய் திறந்தால் ஒரே குரல். அதற்கு ஒரே ஆள் போதுமே! வசனத்தை முடித்துவிட்டுப் பென்சிலை எடுங்கள்.

டி.சி. காமிக்ஸின் பெண்கள் அணித் தொடரான 'பேர்ட்ஸ் ஆஃப் பிரே'யில் 56-ஆவது இதழிலிருந்து (2003) ஓடும் கதை இதற்கு நல்ல பாடம். கெயில் சிமோன் எழுத்து, எட் பெனஸ் ஓவியம். சாவன்ட் என்பவன் அணியில் ஒருத்தியான பிளாக் கேனரியைக் கடத்தி, பேட்மேன் யாரென்று சொல்லச் சொல்லி ஆரக்கிளை மிரட்டுகிறான். ஆரக்கிள் உதவிக்கு அழைப்பது, தனக்கு அவ்வளவாக ஒத்துவராத ஹன்ட்ரஸ் என்ற இன்னொரு நாயகியை. ஆரக்கிள்தான் பழைய பேட்கேர்ள், பார்பரா கார்டன். 1988-இல் ஜோக்கர் சுட்டதில் நடக்க முடியாமல் போனவள். மறுவருடமே ஜான் ஆஸ்ட்ராண்டரும் கிம் யேலும் அவளை ஆரக்கிளாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவள் களத்துக்குப் போவதில்லை, காதில் பேசுகிறாள். அணியைக் கட்டி வைத்திருப்பதே அந்தப் பேச்சுதான்.

தமிழ் வாசகருக்கு நாயகி புதிதல்ல. 1984-இல் லயன் காமிக்ஸின் முதல் இதழே மாடஸ்டி பிளைஸி என்ற நாயகியின் கதைதான். போதாக்குறைக்கு, ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வசதியும் நமக்கு இருக்கிறது. ராயபுரத்தில் மீன் விற்கும் பெண், திருவல்லிக்கேணியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்ப்பவள், பெரம்பூரில் வேலையை விட்ட பெண் கான்ஸ்டபிள் என்று வைத்துக்கொள்வோம். கான்ஸ்டபிளை மற்ற இருவரும் 'அக்கா, நீங்க' என்பார்கள். அவர் 'நீ, வாடி' என்பார். மனஸ்தாபம் வந்த பக்கத்தில் 'அக்கா' போய் 'மேடம்' வரட்டும். அதற்கு மேல் விளக்கக் கட்டம் எதுவும் வேண்டாம்.

அடுத்தது நீளம். ஒரு வசன பலூனில் பத்துப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போனால் படம் ஒளிந்துகொள்ளும். காசிமேட்டு ஐஸ் கிடங்கு, காதில் இயர்போனோடு அக்கா. முதல் எழுத்துப்படி இப்படி இருக்கும்: "அக்கா, அவர்கள் பின்பக்கப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள், ஜாக்கிரதையாக இருங்கள்!" 'ஏறிக்கொண்டிருக்கிறார்கள்' ஒரு வரி அகலத்தையும் தாண்டும், நடுவில் உடைத்தால் படிக்கிறவர் தடுக்கி நிற்பார். "அக்கா, பின்படி! ரெண்டு பேர்." இரண்டே வரி, வேகமும் வந்துவிட்டது. காதில் கேட்கும் குரலுக்குப் பலூன் வால் மின்னல் வடிவத்தில் இருக்க வேண்டும்.

சக்கர நாற்காலியை ஏனோதானோவென்று வரையாதீர்கள். பெரிய சக்கரம் 24 அங்குலம், முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும். திருவல்லிக்கேணிச் சந்து வீட்டில் அந்த இடம் எங்கே என்பதை வரைபடமாகப் போட்டுவிட்டுக் கட்டத்தை வரையுங்கள். வெளிக்காட்சி வேண்டுமானால், 2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறந்த மரப்பாதை இருக்கிறது. அதே வருட டிசம்பரில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. கதைக்கு அதுவே ஒரு தடையாகும்.

அளவில் அமெரிக்க இதழைப் பின்பற்ற வேண்டாம். அதன் உயரம் பத்தேகால் அங்குலம். 20×30 டபுள் கிரவுன் தாளில் ஒரு பக்கத்துக்குப் பத்து அங்குலம்தான் கிடைக்கும். ஏழேகாலுக்கு ஒன்பதரை என்று வெட்டினால் ஒரு தாளில் 16 பக்கம், 32 பக்க இதழுக்கு இரண்டே தாள். பின் அடிக்கும் புத்தகம் என்பதால் பக்கக் கணக்கு நான்கின் மடங்காக இருக்கட்டும். ஒன்றரை மடங்கு பெரிதாக, ஏ3 தாளில் வரையலாம். அச்சு அளவில் ஓரத்தைத் தாண்டி 3 மில்லிமீட்டர் வரை படம் நீளட்டும், அது வெட்டில் போய்விடும்.

எழுத்து 9 பாயின்ட் என்றால் வரி இடைவெளி 12 வையுங்கள். மேலே கொக்கி, கீழே உகரச் சுழி என்று இரண்டு பக்கமும் தமிழுக்கு இடம் வேண்டும். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான வரி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொ' உடைந்து கொம்பு இடம் மாறி நிற்கும். அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றிவிடுங்கள். அங்கே உங்கள் எழுத்துரு இருக்கும் என்று நம்பக்கூடாது.

இரவுக் காட்சியின் கறுப்புக்கு சயான், மெஜன்டா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மையையும் அள்ளிக் கொட்டினால், ஐப்பசி மழையில் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். ஒவ்வொரு மையின் சதவீதத்தையும் கூட்டினால் 300-க்குள் வரும்படி நிறுத்துங்கள். வசன எழுத்துக்கோ கறுப்பு மை மட்டும், நூறு சதவீதம். நான்கு மையில் எழுத்தை அடித்தால், தட்டு மயிரிழை விலகினாலும் ஓரம் கலங்கும். முதலில் காணாமல் போவது புள்ளிதான். 'அக்கா' 'அககா' ஆகிவிடும்.