செல்லை எதில் ஃபிக்ஸ் செய்தீர்கள்?

புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு எங்கள் ஆய்வகத்தில் சீக்கிரமே கைவரும் வேலை, ஃபல்லாய்டின் என்ற ஒளிரும் சாயத்தைப் போட்டு, செல்லுக்கு உருவம் தரும் ஆக்டின் என்ற புரதத்தின் இழைகளைப் பார்ப்பது. சாயத்தை விட்டு, வெளிச்சம் படாமல் அரை மணி நேரம் வைத்து, பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் அலசிவிட்டால் போதும். நுண்ணோக்கியில் செல்லின் குறுக்கே பச்சை இழைகள் விறைப்பாக ஓடுவது தெரியும். உடனே படம் எடுக்கத் தோன்றும். நான் முதலில் கேட்பது, "செல்லை எதுல ஃபிக்ஸ் பண்ணீங்க?" என்றுதான். ஃபிக்ஸ் செய்வது என்றால், செல்லை ஒரு வேதிப்பொருளில் இட்டு, இருந்த நிலையிலேயே நிலைநிறுத்துவது.

ஃபல்லாய்டின் அடிப்படையில் ஒரு நஞ்சு; ஒளிரும் மூலக்கூறை அதோடு இணைத்துத்தான் சாயமாக்குகிறார்கள். 'அமானிட்டா ஃபல்லாய்ட்ஸ்' என்ற கொடிய காளானிலிருந்து 1937இல் லினனும் வீலாண்டும் அதைப் பிரித்தெடுத்தார்கள். உதிரியாக இருக்கும் ஆக்டினை அது கண்டுகொள்ளாது. இழையாகக் கோத்த ஆக்டினை மட்டும், மூலக்கூறுகள் சேரும் இடுக்கில் போய்ப் பற்றிக்கொள்ளும். பின்னணி இவ்வளவு இருட்டாகக் கிடைப்பது அதனால்தான். ஆனால் அந்த இடுக்கு உருக்குலையாமல் இருக்க வேண்டும். மெத்தனால் அதைக் குலைத்துவிடும். நுண்குழல்கள் என்ற வேறு வகை இழைகளைக் காட்டும் ஆன்டிபாடிக்காக மெத்தனாலில் ஃபிக்ஸ் செய்த கவர்ஸ்லிப்பிலேயே (செல்கள் ஒட்டியிருக்கும் மெல்லிய கண்ணாடித் தகட்டிலேயே) ஒரு மாணவி ஃபல்லாய்டினும் போட்டார். ஒன்றும் ஒளிரவில்லை. சாயம் கெட்டுவிட்டது என்று நினைத்து, புதுக் குப்பி வாங்கக் கேட்டார். சாயத்தில் குறையே இல்லை. ஃபிக்ஸ் செய்யப் பயன்படும் ஃபார்மால்டிஹைடு கரைசலான ஃபார்மலினைக் கடையில் வாங்கினால், அதிலும் மெத்தனால் கலந்திருப்பதுண்டு. அதனால் பாராஃபார்மால்டிஹைடு தூளைக் கரைத்து 4 சதவீதக் கரைசலை நாங்களே தயாரிக்கிறோம்.

இருட்டாக இருக்கும் இடத்தில் ஆக்டின் இல்லை என்று எழுதிவிடுவது இதைவிட ஆபத்தானது. கோஃபிலின் என்ற புரதம் படர்ந்த இழை சற்று முறுக்கிக்கொள்ளும். அதில் ஃபல்லாய்டின் சரியாக ஒட்டாது. ஜாஸ்பிளாகினோலைடு மருந்து இழைகளை உறுதிப்படுத்தும், ஆனால் ஃபல்லாய்டின் உட்கார வேண்டிய இடத்தில் தானே உட்கார்ந்துகொள்ளும். இழைகள் நிறைந்த செல்லும் அப்போது மங்கித் தெரியும். இதை அறியாதவர் மருந்து ஆக்டினை அழித்துவிட்டது என்றே முடிவு கட்டுவார்.

மருந்து கொடுத்த செல்லையும் கொடுக்காததையும் ஒரே நாளில், ஒரே கரைசலில் ஃபிக்ஸ் செய்து, ஒரே எக்ஸ்போஷரில் படமெடுக்கச் சொல்கிறேன். இந்த விவரம் நோட்டுப் புத்தகத்தில் இல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், எங்கள் வாராந்திரக் கூட்டத்தில் அதைத் திரையில் காட்ட நான் ஒப்புவதில்லை.