மூண்டாம் கிழமைப் பாடத்திலயே ஒரு மாசம் நிண்டனான்

எங்கட நூலகத்தில வேலை செய்யிற ஆக்களுக்கெண்டு இந்த வருசம் ஒரு ஒன்லைன் பாடம் தந்தவை. பத்துக் கிழமை, கிழமைக்கு ஒரு புது விசயம், வகுப்பு இல்லை, வாத்தியார் இல்லை, அவரவர் தன்ர பாட்டில பாத்துச் செய்து பழகவேணும். முதல் கிழமை மெயிலும் பாஸ்வேட்டும், ரெண்டாம் கிழமை கூகிள் ட்ரைவ், அதுகள் ஓடிப்போச்சு. மூண்டாம் கிழமை கூகிள் ஷீற், எக்செல் மாதிரி இன்ரநெற்றில இருக்கிற அட்டவணை.

அதில சொன்னது சின்ன வேலைதான். உங்களிட்ட ஏற்கனவே இருக்கிற ஒரு பட்டியலை எடுத்து ஷீற்றில போட்டு, கூட வேலை செய்யிற ஒராளோட பகிருங்கோ எண்டு. நான் எங்கட புத்தகப் பட்டியலை எடுத்தன். மூவாயிரத்துக்கு மேல புத்தகம், எனக்கு முதல் இருந்த அக்காவும் பிறகு நானும் பதினைஞ்சு வருசமா எக்செல்ல பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சு வைச்சது. கொப்பி பண்ணிக் கொண்டுவந்து ஒட்டினா ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. அம்மா எண்டு இருக்கவேண்டிய இடத்தில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மேலயிருந்து கீழ வரைக்கும் உதே கோலம். எனக்கு நெஞ்சு திக்கெண்டுது, எல்லாத்தையும் அழிச்சுப்போட்டன் எண்டுதான் நினைச்சன்.

கவுண்டரில நிக்கிற தம்பி வந்து எட்டிப் பாத்தான். "அக்கா, பாமினி எண்டுறது மேல போட்ட உடுப்புத்தான். உள்ளுக்க இருக்கிறது எப்பவும் இங்கிலீஷ் எழுத்து. இஞ்ச அந்த உடுப்பு இல்லை, அதான் உள்ளது தெரியுது" எண்டான்.

அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்லை. இத்தனை வருசமா தமிழ் அடிக்கிறன் எண்டு நினைச்சு அடிச்சதை வேற ஒரு கொம்பியூட்டரும் தமிழா வாசிக்கேல்லை. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை போனில தமிழில அடிச்சுத் தேடினா எங்கட பட்டியல்ல இருந்து ஒரு புத்தகமும் அம்பிடாது, ஏனெண்டா அங்க தமிழே இல்லை. யூனிகோட் எண்டுறது எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை, அதில அப்பிடியில்லை, அ எண்டா எந்தப் போனிலயும் அ தான், எழுத்துருவை மாத்தினாலும் அது அ தான்.

மாத்திறதுக்கு இன்ரநெற்றில இலவசமா மாற்றிகள் இருக்கு. முழுப் பட்டியலையும் ஒரேயடியாப் போட்டன், அதுதான் நான் செய்த பிழை. இங்கிலீஷ் தலைப்பு உள்ள புத்தகங்களையும் அது பாமினி எண்டு நினைச்சு மாத்திப்போட்டுது, சயன்ஸ் எண்டு இருந்தது ளு, உ, ந எண்டு வாயில வராத எழுத்துக் கூட்டமா வந்து நிண்டுது. நல்லகாலம், இலக்கங்கள் அப்பிடியே இருந்தது, தமிழ் இலக்கிய அலுமாரியின்ர 894.811 எண்ட நூலகப் பகுப்பு எண்ணுக்கு ஒண்டும் நடக்கேல்லை. அதுக்குப் பிறகு இங்கிலீஷ் புத்தகங்களை முதல்ல வேற பக்கத்துக்குப் பிரிச்சு வைச்சிட்டு, தலைப்பைத் தனிய, ஆசிரியர் பேரைத் தனிய எண்டு பத்தி பத்தியா மாத்தினன்.

இன்னொண்டு விரல் பழக்கம். பாமினியில கொ அடிக்க முதல்ல கொம்பு, பிறகு க, பிறகு அரவு. யூனிகோட்டில க தான் முன்னுக்கு வரவேணும், கொம்பைத் தனிய முதல் போட்டா பக்கத்தில ஒரு புள்ளி வட்டம் வந்து நிக்கும். எனக்கு விரலெல்லாம் பழைய பாட்டிலதான் போச்சு. பிறகுதான் தம்பி என்எச்எம் ரைட்டர் எண்ட தமிழ் அடிக்கிற மென்பொருளைப் போட்டுத் தந்தவன், அதில பாமினி விசைப்பலகை அடுக்கைத் தெரிவு செய்தா விரல் பழையபடி போகும், விழுகிறது மட்டும் யூனிகோட். முதல் சொல்லா அம்மா எண்டு அடிச்சு, என்ர போனில திறந்து பாத்தன். அம்மா எண்டே இருந்துது. சொன்னா நம்பமாட்டியள், கண் கலங்கிப் போச்சு.

இந்தப் பாடம் எங்கயிருந்து வந்ததெண்டு பிறகு தேடிப் பாத்தன். 2006இல அமெரிக்காவில சார்லட் எண்ட ஊர்ப் பொது நூலகத்தில ஹெலீன் புளோவர்ஸ் எண்டவ அங்கத்தைய ஊழியருக்கெண்டு 23 விசயங்கள் எண்டு தொடங்கினவ. பிளொக், படம் பகிருற பிளிக்கர், இணையத்தளங்களில புதுசா வாறதைக் கொண்டுவந்து காட்டுற ஆர்எஸ்எஸ், விக்கி எண்டு ஒவ்வொண்டா தாங்களே செய்து பழகவேணும், முடிச்ச ஆக்களுக்கு எம்பி3 பிளேயர் குடுத்தவை. பிறகு கன நாட்டு நூலகங்கள் அதைப் பாத்துச் செய்தது. எங்களுக்கு பிளேயர் வேண்டாம், வேலை நேரத்தில ஒரு மணித்தியாலம் தந்தாக் காணும். உங்கட பாட்டில படியுங்கோ எண்டு சொல்லிப்போட்டு நேரம் தராட்டி அது வீட்டில சமைச்சு முடிச்சு இரவு பத்து மணிக்கு சொந்த டேட்டாவில படிக்கிறதாத்தான் முடியும். இதை நான் மேல இருக்கிற ஆக்களிட்டயும் சொன்னனான், இப்ப செவ்வாய்க்கிழமையில பின்னேரம் ஒரு மணித்தியாலம் விட்டிருக்கினம்.

நான் இவ்வளவு பாடுபடுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1981இல யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிஞ்சு கிட்டத்தட்ட 97,000 புத்தகம் போன ஊர் இது. 2005இல நூலகம் எண்ட இணையத்தளத்தைத் தொடங்கின ஆக்கள் ஈழத்துப் புத்தகங்களை ஒவ்வொண்டா ஸ்கேன் பண்ணிப் போட்டுக்கொண்டு வருகினம். எங்கட பட்டியல் ஒரே ஒரு பழைய கொம்பியூட்டருக்குள்ள, அந்தக் கொம்பியூட்டருக்கு மட்டும் விளங்கிற எழுத்தில கிடந்தது எண்டு நினைக்க இப்பவும் பதறுது. போன கிழமை தம்பி தெரியாமல் ஆசிரியர் பத்தியை அழிச்சுப்போட்டான், முகம் வெளிறிப் போச்சு. பழைய பதிப்பு வரலாற்றைத் திறந்து காலமை இருந்ததை மீட்டெடுத்தம். அந்தப் பாடம் ஆறாம் கிழமையிலதான் வரும், நாங்கள் முந்தியே படிச்சிட்டம்.

உங்களிட்டயும் பாமினிக் கோப்புகள் இருந்தா மாத்த முதல் ஒரு கொப்பி எடுத்து வையுங்கோ. எனக்கு இன்னும் ரெண்டு அலுமாரி கிடக்கு, வாற செவ்வாய் சிறுவர் புத்தகம்.