பதினைந்துக்கு 0.4 குறைவு

பொறியாளராக ஒரு விடுதியின் உறுதியைச் சோதித்து நான் எழுதிய அந்த அறிக்கையில் தவறு எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே படிக்கும்போது ஏதோ இருந்தது போலத் தோன்றக்கூடும்.

மகளிர் விடுதி, மூன்று மாடி, பழையது. தரைத்தளத் தூண்களைத் துளைத்து மூன்று கோர், அதாவது உருளை வடிவக் கான்கிரீட் மாதிரிகள், எடுத்தோம். வரைபடத்தின்படி எம்20 கான்கிரீட், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டியது. ஆய்வக முடிவுகள் 19, 18.2, 14.6. சராசரி 85 சதவீதத்துக்கு, அதாவது 17-க்குக் குறையக் கூடாது, அது தேறிவிட்டது. தனி மாதிரி எதுவும் 75 சதவீதத்துக்கு, அதாவது 15-க்குக் கீழே போகக் கூடாது, மூன்றாவது போய்விட்டது. இது யாரோ ஓர் அதிகாரியின் பிடிவாதம் அல்ல. கான்கிரீட்டுக்கான விதிநூல்களான இந்தியாவின் ஐ.எஸ். 456, அமெரிக்காவின் ஏ.சி.ஐ. 318 இரண்டிலும் இதே 85, இதே 75.

எண் மட்டும் என்றால் நானும் யோசித்திருப்பேன். கோர் எடுத்த துளைகளுக்குள் காரத்தை நிறத்தால் காட்டும் பீனால்ப்தலீன் கரைசலைத் தெளித்தோம். காரத்தன்மை உள்ள கான்கிரீட்டில் சட்டென்று அடர்ந்த இளஞ்சிவப்பு ஏறும். மற்ற இரண்டு தூண்களிலும் மேல்பரப்பை விட்டுச் சற்று உள்ளே சிவந்தது. 14.6 வந்த இந்தத் தூணில் கம்பி வரைக்கும் நிறமே இல்லை. கம்பியைத் தாண்டி ஒரு விரற்கடை போன பிறகுதான் லேசாகச் சிவப்பு தெரிந்தது. காரம் போன கான்கிரீட்டால் கம்பியைத் துருவிலிருந்து காக்க முடியாது. துருவோ இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். கம்பியை மூடியிருக்கும் கவர் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். தூணின் மூலையில் நெட்டுவாக்கில் விரிசல் ஏற்கெனவே ஓடியிருந்தது. பூசி, பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள்.

உடனே முட்டுக் கொடுக்க வேண்டும், தூணைச் சுற்றிப் புதிய உறை போட்டு வலுப்படுத்தும் ஜாக்கெட்டிங் முடியும்வரை யாரும் தங்கக் கூடாது என்று எழுதினேன்.

“வெறும் 0.4 தானே சார்?” என்று யாராவது கேட்பார்கள் என எதிர்பார்த்துப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். விடுதிக் காப்பாளர் அம்மா அதைக் கேட்கவில்லை.

“பிள்ளைகளை எங்கே மாற்றுகிறார்கள், தெரியுமா சார்?”

“நிர்வாகம் ஏற்பாடு செய்துவிட்டது என்றார்களே, அம்மா.”

“ஒரு பழைய வீடு. மேலே ஏற, இறங்க ஒரே படிக்கட்டு. ஜன்னலெல்லாம் கம்பி. அதையும் சோதித்தீர்களா?”

“அதை என்னிடம் கேட்கவில்லை, அம்மா.”

அவர் மறுபேச்சுப் பேசாமல் அறிக்கையைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நான் சொன்னது உண்மைதான். யாரும் அழைக்காமல் இன்னொருவர் வீட்டுத் தூணில் துளை போட எனக்கு உரிமை கிடையாது. ஆனால் சோதித்த கட்டடத்துக்கு 14.6 என்று ஓர் எண் இருக்கிறது. சோதிக்காததற்கு எண்ணே இல்லை. எண் இல்லாத ஒரே காரணத்தால் அது நல்ல கட்டடம் ஆகிவிடுகிறது. குறைந்தபட்சத் தரம் என்று நாம் சொல்வதெல்லாம் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறோமோ அவர்களுக்கு மட்டும்தானோ?

மனம் தடுமாறும்போதெல்லாம் அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் சர்ஃப்சைட் நகரில் நடந்ததை நினைத்துக்கொள்கிறேன். 2018-இலேயே ஒரு பொறியாளர், அங்கிருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல்குளத் தளத்துக்குக் கீழே கான்கிரீட்டில் பெரிய சேதம் இருப்பதாக அறிக்கை கொடுத்திருந்தார். குடியிருப்பு காலியாகவில்லை. 2021 ஜூன் 24 அதிகாலையில் அந்த 12 மாடிக் கட்டடத்தின் ஒரு பெரிய பகுதி சரிந்தது. 98 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட அறிக்கையை எழுதிவிட்டு, ஆட்கள் அங்கேயே இருக்கட்டும் என்று விடுபவனாக நான் இருக்க மாட்டேன்.

இதோடு நின்றால் நிம்மதி. நிற்பதில்லை. அந்த 85-75 விதி, புதிதாக ஊற்றிய கான்கிரீட்டில் சந்தேகம் வந்தால் ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்ய எழுதப்பட்டது. பழைய கட்டடத்துக்கு நாம்தான் அதை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறோம். வடிவமைக்கும்போதே கான்கிரீட்டின் வலிமையை 1.5-ஆல் வகுத்துவிடுகிறோம். கோரின் உயரத்துக்கும் விட்டத்துக்கும் செய்யும் திருத்தத்திலேயே 0.4 இங்கே அங்கே போகும். எஃகு முட்டு கொடுத்து, தரைத்தளத்தை மட்டும் காலி செய்து, வேலையைப் பகுதி பகுதியாக முடித்திருக்கலாமா? சிலர் அப்படித்தான் செய்வார்கள். அந்த விரிசலைப் பார்த்தவர்கள் செய்வார்களா என்பது வேறு.

பிள்ளைகளை மாற்றிய அந்தப் பழைய வீட்டில் இதுவரை அசம்பாவிதம் எதுவும் நடந்ததாகக் கேள்விப்படவில்லை. இது எதையும் நிரூபிக்காது. விடுதித் தூணும் அதே காலம் நின்றிருக்கலாம்.

அதற்குப் பின் என் அறிக்கைகளில், மாற்று இடத்தின் வெளியேறும் வழிகளையும் உறுதியையும் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கத் தொடங்கினேன். “இது உங்கள் பணி வரம்பில் இல்லையே” என்று அண்மையில் ஒரு நிர்வாகம் திருப்பி அனுப்பியது. ஒப்பந்தத்தைப் பார்த்தேன்; இல்லைதான். வரியை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். அடுத்த அறிக்கையில் மறுபடியும் சேர்த்திருக்கிறேன். அதுவும் திரும்பி வரும் என்றுதான் நினைக்கிறேன்.