பந்து நிலத்தில் போன வருஷம்

எங்கள் பாடசாலையின் 1982ஆம் ஆண்டு உதைபந்தாட்ட அணியைப் பற்றி எழுதச் சொல்லி, பழைய மாணவர் சங்க மலர்க்குழு கேட்டபோது ஒரு நிபந்தனை போட்டேன். கோல் அடித்தவர்களைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன் என்றேன். அந்த வேலையை அவர்களே நாற்பது வருஷமாக, எந்தக் கல்யாண வீட்டிலும், எந்த ஒன்றுகூடலிலும் குறையில்லாமல் செய்துகொண்டு வருகிறார்கள். நான் அந்த அணியின் இரண்டாவது கோல் காப்பாளர். அதாவது வாங்கில் குந்தியிருந்து எல்லா ஆட்டத்தையும் ஒழுங்காகப் பார்த்தவன்.

எங்கள் காலத்தில் முதலாம் தவணை இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கும் கிரிக்கெற்றுக்கும் போய்விடும். பிக் மட்ச் என்கிற பாடசாலைகளுக்கிடையிலான பெரிய கிரிக்கெற் ஆட்டத்தின் சத்தமெல்லாம் அடங்கி, சித்திரை விடுமுறையும் கழிந்த பிறகுதான் உதைபந்து. அந்த நேரம் பார்த்துத்தான் சோளகமும் தொடங்கும். புலம்பெயர்ந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: சோளகம் தென்மேற்கிலிருந்து மாதக்கணக்கில் விடாமல் அடிக்கிற காற்று. கொழும்பு, காலிப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு எங்களிடம் வரும்போது அதனிடம் புழுதி மட்டும்தான் மிச்சமிருக்கும். யாழ்ப்பாணத்தில் அதை மறிக்க ஒரு மலையும் இல்லை. உயர அடித்த பந்து எங்கே விழும் என்று அடித்தவனுக்கே தெரியாது.

ஆனபடியால் அநேகமான பாடசாலைகளின் திட்டம் ஒன்றுதான். நாணயச் சுழற்சியில் வென்றால் காற்றோடு ஆடு, கண்ணை மூடிக்கொண்டு நீளமாக அடி, அடுத்த பாதியில் எல்லோரும் பின்னுக்கு நின்று மறி. இளவாலை ஹென்றியரசர், பற்றிக்ஸ் போன்ற உதைபந்துக்குப் பெயர்போன கல்லூரிகளுக்கு இதைவிட நல்ல ஆட்டம் தெரியும். மற்றவர்களுக்குக் காற்றுத்தான் பன்னிரண்டாவது ஆள்.

எங்கள் பொறுப்பாசிரியர் கணிதம் படிப்பித்தவர். சேர் என்று மட்டும் எழுதுகிறேன், வேறு விளக்கம் உங்களுக்குத் தேவையில்லை. அவர் பெரிய விளையாட்டுக்காரராக இருந்தவர் என்று நான் கேள்விப்படவில்லை. ஆனால் யோசிக்கிற மனுஷன். தவணை தொடங்கிய கிழமையே மைதானத்தின் குறுக்கே இரண்டு பூவரசங் கதியாலை நட்டு, கிணற்றடியில் கிடந்த பழைய துலாக்கயிற்றை முழங்கால் உயரத்துக்கு இழுத்துக் கட்டினார். பயிற்சி அவ்வளவுதான். கயிற்றுக்குக் கீழால் பந்தைக் கொடுக்க வேண்டும், மற்றப் பக்கம் நிற்பவன் அதைக் கீழாலேயே திருப்பித் தர வேண்டும். கயிற்றுக்கு மேலால் போனால் அடித்தவன் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். முதல் கிழமை பந்து உதைத்ததைவிட ஓடியதுதான் கூட.

"டேய், மேலை போனா அது சோளகத்தின்ர பந்து. நிலத்திலை போனாத்தான் உங்கட பந்து," என்பார். ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது சொல்வார்.

காலின் நுனியால் விளாசிப் பழகியவர்களுக்கு இது பெரிய தண்டனை. பாதத்தின் உள்பக்கத்தால் தள்ள வேண்டும், உடம்பைப் பந்துக்கு மேலே குனிய வேண்டும், மற்றக் கால் பந்துக்குப் பக்கத்திலேயே ஊன்ற வேண்டும். எங்கள் மைதானமோ செம்மண். மண் தேய்ந்த இடங்களில் அடியில் கிடக்கும் சுண்ணக்கல் தலைகாட்டும். பந்து நேராக உருண்டால் அதுவே அதிசயம். கஷ்டமில்லாமல் பழகியவன் ஒருவன்தான், இடது ஓரத்தில் முன்னுக்கு ஆடுகிற எங்கள் லெஃப்ற் அவுட். நாவாந்துறைக் கடற்கரையில் வெறுங்காலோடு விளையாடி வளர்ந்தவன். ஈர மணலில் பந்து துள்ளாது, காலோடு ஒட்டித்தான் வரும். பூற்ஸ் போட்டால் பந்து எங்கே நிற்கிறது என்று காலுக்குத் தெரியவில்லை என்று அவன் கடைசிவரை முறைப்பட்டுக்கொண்டே இருந்தான்.

முதல் ஆட்டம் கோலில்லாத சமநிலை. இரண்டாவதும் சமன். பழைய மாணவர்கள் மதிலோரம் சைக்கிளைச் சாத்திவைத்துவிட்டு நின்று, பந்தை உயர்த்தவே தெரியாத ரீம் என்று எங்களுக்குக் கேட்கத்தக்கதாகவே கதைத்தார்கள். சேரை மாற்ற வேண்டும் என்று அதிபரிடம் போனவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் இன்று எங்கள் சங்கத்தில் முக்கியமான ஆள், அதோடு விட்டுவிடுகிறேன்.

அந்த ஆனியில் ஸ்பெயினில் உலகக் கிண்ணம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் வானொலியிலும் பத்திரிகையிலும்தான் பின்தொடர்ந்தோம். இத்தாலி முதல் மூன்று ஆட்டமும் சமன், அடித்ததோ இரண்டே கோல். சேர் அதைப் பிடித்துக்கொண்டார். "இத்தாலிக்காரனும் மூண்டும் சமன்தானே. அவங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டை போட்டாங்களே?" அதற்குப் பிறகு இத்தாலி ஆர்ஜென்ரீனாவை வென்றது, ரொஸ்ஸி 3 கோல் அடித்து பிரேசிலை வீட்டுக்கு அனுப்பினார், ஜூலை 11 இறுதியாட்டத்தில் மேற்கு ஜேர்மனி 3-1 என்று தோற்றது. திங்கட்கிழமை காலை சேர் வகுப்புக்குள் வந்த வருகையைப் பார்த்தால், றோமாபுரியில் அவருக்குக் காணி இருக்கிறது என்று நினைப்பீர்கள். அதற்கிடையில் நாங்களும் வெல்லத் தொடங்கியிருந்தோம். ஒன்றும் பெரிய வெற்றிகள் அல்ல, ஒரு கோல், இரண்டு கோல். காற்று பலத்த நாட்களில்தான் எங்களுக்கு ஆட்டம் சுலபம் என்பது மெல்லப் பிடிபட்டது.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னம் இறுதியாட்டம் நடந்தது, துரையப்பா விளையாட்டரங்கில். எதிரணியின் பெயரை எழுதவில்லை. அவர்களுடைய சங்கமும் எங்களுடைய அதே மண்டபத்தில்தான் ஒன்றுகூடல் வைக்கிறது, சாப்பாட்டு வரிசையில் முகத்தைப் பார்க்க வேண்டும். பண்ணைக் கடல் பக்கமிருந்து காற்று தடையில்லாமல் வந்தது. மற்றப் பக்கம், முந்தின வருஷம் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகம் கரிபிடித்து நின்றது. அங்கே பார்க்காமல் அந்த மைதானத்தில் நிற்க முடியாது.

நாணயத்தில் வென்ற எங்கள் கப்டன் காற்றுக்கு எதிராக ஆடுகிறோம் என்றார். நடுவர் இரண்டாந்தரம் கேட்டு உறுதிப்படுத்தினார். முதல் பாதி முழுக்க எதிரணி நீளமாக அடித்தது. காற்று அந்தப் பந்துகளை அவர்களுடைய போவேட்களுக்கும் எட்டாமல் எங்கள் கோல் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டது. எங்கள் கோலி முனியப்பர் கோயில் வரை ஓடிப் பந்து பொறுக்கினார் என்பது கொஞ்சம் மிகைதான், ஆனால் கொஞ்சம்தான். இடைவேளையில் தோடம்பழச் சுளையும் குளுக்கோசும். சேர் ஒன்றும் பேசவில்லை, கையை முழங்காலில் வைத்துக் காட்டினார். கயிறு.

இரண்டாம் பாதியில் காற்று எங்கள் முதுகில். இனி நாங்களும் தூக்கி அடிப்போம் என்று எதிரணியின் பக் வீரர்கள் பின்னுக்குப் போய்த் தங்கள் கோலடியில் நின்றார்கள். நடுவில் வெறும் இடம். அதற்குள்ளால் சென்ரர் ஹாவ் தள்ளிய பந்து லெஃப்ற் அவுட்டிடம் போக, அவன் மூலைக் கொடிவரை ஓட்டிக்கொண்டு போய்ப் பின்பக்கமாக வெட்டிக் கொடுத்தான். கோல். அது ஒன்றுதான், அதுவே போதுமாக இருந்தது.

தட்டிவானில் கத்திக்கொண்டு ஊர் திரும்பினோம். ஈழநாடு பத்திரிகையில் நாலு வரி வந்தது. அடுத்த ஆடியில், 1983இல், தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தைப் பற்றி இந்த மலரில் வேறு பலர் எழுதியிருப்பார்கள். எங்கள் அணியில் பாதிப்பேர் அதற்குப் பிறகு ஒரே நாட்டில் இருந்ததில்லை. துரையப்பா மைதானத்தைத் திருத்தக் கிண்டியபோது 1999இல் மனித எலும்புக்கூடுகள் வந்தன. பிறகு இந்திய உதவியோடு புதுப்பித்து 2016இல் திறந்தார்கள். போய்ப் பார்த்தேன். புல் நல்லாயிருக்கிறது, சோளகம் அதேதான்.

கடைசியாக ஒரு விஷயம் அச்சில் வர வேண்டும். அந்தக் கோலை அடித்த எங்கள் சென்ரர் போவேட் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார். பேரப்பிள்ளைகளுக்கு அதைத் தலையால் இடித்த கோல் என்று சொல்லி வைத்திருக்கிறார். போன மார்கழியில் தொலைபேசியில் என்னிடமே அப்படிச் சொன்னார். அண்ணை, நான் வாங்கில் நேரெதிரே இருந்தவன். பந்து புல்லைத் தடவிக்கொண்டு வந்தது, நீங்கள் இடது காலின் உள்பக்கத்தால் தள்ளினீர்கள், அதுவும் கம்பத்தில் பட்டுத்தான் உள்ளே போனது. மறுப்பிருந்தால் அடுத்த மலருக்கு எழுதுங்கள், ஒரு பக்கம் ஒதுக்க ஆசிரியர் குழு சம்மதித்திருக்கிறது.