பச்சைக் குரோமிஸ் கூட்டம் ஏன் கரைகிறது?

பச்சைக் குரோமிஸ் என்ற சிறு கடல்மீனை ஏழு விட்டால் சில மாதங்களில் ஒன்றிரண்டுதான் மிஞ்சும் என்பது கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களின் பொதுவான புலம்பல்.

முதல் எதிரி யூரோனெமா ஒட்டுண்ணி. விலாவில் செதில் உதிர்ந்து சிவந்த புண் தெரிந்தால் அந்த மீனை உடனே பிரித்துவிடுங்கள். இதற்குத் தாமிர மருந்தை நம்ப முடியாது. கடைத் தொட்டியில் ஒரு மீனுக்குப் புண் இருந்தாலும் அங்கே எதையும் வாங்காதீர்கள். வாங்கியவற்றை நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துக் கவனிப்பது கட்டாயம்.

அடுத்தது பசி. பவளத்திட்டில் நாள் முழுக்க மிதவை உயிரிகளைக் கொத்தித் தின்பவை இவை. ஒரே வேளை தீனி போட்டால் வலுத்தது தின்றுவிட்டு மெலிந்ததை விரட்டும். பொடியாக நறுக்கிய மைசிஸை (இறால் போன்ற சிற்றுயிரி) நாளுக்கு மூன்று முறை, பம்ப் தள்ளும் நீரோட்டத்தில் சிறுகச் சிறுக விடுங்கள்.

நான்கடித் தொட்டி, 1.025 ஒப்படர்த்தி உள்ள உப்புநீர், 25–26 டிகிரி போதும். எல்லா மீன்களையும் ஒரே நாளில் விடுங்கள். பயமில்லாத தொட்டியில் இவை கலைந்துதான் நீந்தும், அது நோயல்ல.