புதன்கிழமைத் தேவாரம்

மகள் கொலேஜில், அதாவது பிரான்சில் ஆரம்பப் பள்ளிக்கு அடுத்த பள்ளியில், சேர்ந்த முதல் வாரம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "அம்மா, இதிலை கையெழுத்து வையுங்கோ" என்றாள். பள்ளி ஒழுங்குவிதிகளோடு ஒரு பக்கம் சேர்த்து ஒட்டியிருந்தது: லாயிசித்தே சாசனம், அதாவது அரசும் பள்ளியும் மதம் சாராமல் இருக்க வேண்டும் என்ற கொள்கையின் சாசனம், பதினைந்து பிரிவுகள். 2013 முதல் பிரான்சின் அரசுப் பள்ளிகளில் சுவரில் தொங்குவதும் இதுதான். என்னுடைய பிரெஞ்சு கடைக்கும் பேருந்துக்கும்தான் காணும். அதனால் அவளே ஒவ்வொன்றாக வாசித்துத் தமிழில் சொன்னாள். ஆசிரியர்கள் தங்கள் மதத்தையோ அரசியலையோ பள்ளியில் காட்டக் கூடாது. மதத்தைச் சொல்லி எந்தப் பாடத்தையும் மாணவர் மறுக்க முடியாது. பதினான்காவது பிரிவில் நின்றாள். மதத்தைப் பளிச்சென்று காட்டும் அடையாளங்களை மாணவர்கள் அணிந்து வரக் கூடாது.

"அப்ப திருநீறு?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

நான் படித்தது யாழ்ப்பாணத்தில். மணி அடித்ததும் மண்டபத்தில் தேவாரம். நவராத்திரி வந்தால் சரஸ்வதி பூசை, அவல், கடலை. சமயமும் ஒரு பாடம், பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை வரை அதை விட முடியாது. அந்தப் பாடவேளையில் நாங்கள் சைவநெறிப் புத்தகத்தை எடுக்க, என் வாங்கில் பக்கத்தில் இருந்த கத்தோலிக்கப் பிள்ளை தன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வேறு வகுப்புக்குப் போவாள். காலைத் தேவாரத்தின்போது வாய் திறக்காமல், நிலத்தைப் பார்த்தபடி நிற்பாள். அது அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. எல்லோரும் கும்பிடும் இடத்தில் கும்பிடாமல் நிற்கும் பிள்ளையாக என் மகளை நினைத்துப் பார்த்த அந்த இரவில்தான் அந்தக் கத்தோலிக்கப் பிள்ளையின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. இத்தனைக்கும், பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று 1972-இல் அரசியலமைப்பில் எழுதிய நாட்டில் வளர்ந்தவள் நான். அந்த வலி தெரிந்த எனக்கு அவளுடைய வலி தெரியாமல் போய்விட்டது.

பள்ளியில் மதம் வேண்டாம் என்பது பிரான்சில் நேற்று வந்த ஏற்பாடு அல்ல. 1882-இல் கல்வி அமைச்சராக இருந்த ஜூல் ஃபெரி கொண்டுவந்த சட்டம் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கியது, அரசுப் பள்ளியிலிருந்து சமயபாடத்தை எடுத்தது. அதே சட்டம் ஞாயிறு தவிர வாரத்தில் இன்னொரு நாளையும் விடச் சொன்னது. பெற்றோர் விரும்பினால் அன்றைக்குப் பள்ளிக்கு வெளியே சமயம் படிப்பிக்கலாம். முதலில் அது வியாழன், 1972-க்குப் பிறகு புதன். எங்கள் பகுதியில் சின்ன வகுப்புகளுக்குப் புதன்கிழமை ஏன் விடுமுறை என்று தெரியாமலே, அந்த நாளில்தான் மகளைப் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தமிழும் தேவாரமும் படிக்க வைத்திருக்கிறேன்.

தங்கை பிரான்சின் கிழக்கு எல்லையில், ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கிறாள். ஃபெரியின் சட்டமும், அரசையும் தேவாலயத்தையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தபோது அந்தப் பகுதி ஜெர்மனியிடம் இருந்ததால், அங்கே அரசுப் பள்ளியில் இன்றைக்கும் சமய வகுப்பு உண்டு. கத்தோலிக்கம், இரண்டு புரட்டஸ்தாந்து சபைகள், யூத மதம், அவ்வளவுதான். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம், தங்கையும் எழுதிக் கொடுத்தாள். பள்ளிக்கூடம் மதங்களைத் தெரிவு செய்யத் தொடங்கினால் அந்தப் பட்டியலில் எங்கள் சைவம் வராது, பக்கத்து வீட்டு இஸ்லாமும் வராது. அதை நினைத்துக்கொண்டுதான் கையெழுத்து வைத்தேன். திருநீற்றைப் பின்னேரம் வீட்டுக்கு வந்து பூசலாம் என்று மகளே முடிவு செய்தாள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. ஆசிரியர் அரசின் சம்பளம் வாங்குகிறவர், அவர் நடுநிலையாக இருக்க வேண்டும், சரி. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அரசின் ஆள் இல்லையே. மகளை விடப் போகும்போது பள்ளி வாசலில் ஒரு பிள்ளையைப் பார்ப்பேன். ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, முக்காட்டை நாலாக மடித்து, புத்தகப்பையின் முன்னறையில் வைத்து சிப்பை இழுப்பாள். பிறகு தலைமயிரைக் கையால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே போவாள். வீட்டில் வற்புறுத்தப்படும் பிள்ளைகளுக்கு இப்படியான அடையாளங்களைப் பள்ளியில் தடுத்த 2004-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பாதுகாப்பு என்கிறார்கள். அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனாலும் அந்த ஊசிகளைப் பார்க்கும் ஒவ்வொரு காலையும் மனம் சங்கடப்படுகிறது.

மகளுக்கு வரலாற்றில் யூத மதமும் கிறிஸ்தவமும் தோன்றிய காலம் பாடமாக வந்தது. கும்பிடச் சொல்லாத பாடம்: எங்கே, எப்போது, யார் எழுதியது என்று கேட்கிற பாடம். அப்புறம் அந்தப் பழக்கம் வீட்டுச் சாமியறைக்கும் வந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை தேவாரம் பாடி முடித்ததும், "இது எந்த ஊர்க் கோயிலைப் பாடினது? இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்றாள். பள்ளிக்காலம் முழுக்க அதைப் பாடிய எனக்குத் தெரியவில்லை. ஊரில் இருக்கும் அப்பாவுக்குப் போன் எடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பொறு பிள்ளை, புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுறன்" என்றார்.