சவர்க்காரத் தண்ணீர்

“நாளைக்குச் சாயந்தரம் கோயில்ல வெடி வைப்பாங்கக்கா, பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க” என்று மீன் விற்க வந்த பெண் சொல்லிவிட்டுப் போனாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் துணிப்பையை எடுத்து, கொடியில் அரை ஈரமாகக் கிடந்த உடுப்புகளை அடுக்கத் தொடங்கினார். இலங்கையில், எங்கள் மன்னாரில், ‘வெடி’ என்றால் துப்பாக்கிச் சூடு. ‘அவனுக்கு வெடி பட்டிட்டுது’ என்றால் அடுத்த கேள்வி ஆள் உயிரோடு இருக்கிறானா என்பதுதான். வெடி வைக்கப் போகிறார்கள் என்று முதல் நாளே வந்து சொல்லி, பிள்ளைகளையும் கூட்டி வரச் சொன்னால் அம்மா வேறென்ன செய்வார்?

அது 1990 ஆகஸ்ட். ஜூன் மாதம் சண்டை மறுபடி மூண்டதும் தலைமன்னாரிலிருந்து ராத்திரிப் படகேறி, விடியும்போது அரிச்சல்முனை மணலில் இறங்கியிருந்தோம். நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடல். அந்த ராத்திரியைப் பற்றி எழுத இன்றைக்கும் எனக்கு விருப்பமில்லை, விட்டுவிடுகிறேன். கொண்டுபோய்ச் சேர்த்த இடம் மண்டபம் முகாம். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளரை நிறுத்திவைத்து நோய் பார்த்து அனுப்பிய இடம் அது. “அவங்கள் போன படலையால நாங்கள் வந்திருக்கிறம்” என்றார் அப்பா. படலை என்றால் எங்களுக்கு வாசல் கதவு.

புது நாடு, ஆனால் அதே தமிழ். சிக்கலே அதில்தான் இருந்தது. வேற்று மொழி என்றால் புரியவில்லை என்றாவது தெரியும். இங்கே புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் தப்பாகப் புரிந்துகொள்வோம். “உங்க அப்பாட்ட கொஞ்சம் பேசணும்” என்று கடைக்காரர் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். எங்களுக்குப் பேசுவது என்றால் திட்டுவது, மற்றதெல்லாம் கதைப்பது. கடையில் போய்ச் சவர்க்காரம் கேட்டேன், எங்களுக்குச் சோப்பு அது. சர்க்கரையைக் கட்டிக் கொடுத்தார்கள். அம்மா துணி துவைக்க வைத்திருந்த காசு அது.

வெடிக்காரரை நான் சந்தித்ததும் இப்படி ஒரு சொல்லால்தான். பாம்பனுக்கு இந்தப் பக்கம் ஒரு மீனவ ஊர், மாதா கோயில். வேலியோரம் வலை பொத்திக்கொண்டிருந்த கிழவர் என்னைப் பார்த்து, “என்னப்பு, இந்த முனையைச் செத்தப் பிடி” என்றார். எனக்கு அப்போது பதினான்கு வயது. எங்கள் பக்கத்தில் அப்பு என்றால் தாத்தா. யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். ராமநாதபுரத்துப் பக்கம் சின்னப் பையனையும் அப்பு என்பார்கள் என்று பிறகு தெரிந்தது. கடைசிவரை அவர் என்னை அப்பு என்றார், நான் அவரை அப்பு என்றேன். கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

அவரிடம் ஒரு பீரங்கி இருந்தது. கோட்டையில் பார்க்கும் பீரங்கியை நினைக்க வேண்டாம். ஒரு முழ நீளம், பித்தளை, இரண்டு மரச் சக்கரம், தூக்கினால் ஒரு ஆள் தூக்கலாம். ஏதோ ஒரு கப்பலில் சைகைக்கு வைத்திருந்தது, அவர் தாத்தா காலத்தில் ஊருக்கு வந்து சேர்ந்தது என்பார். வாய்க்குள் என் பெருவிரல் போகும், அவ்வளவுதான் துளை. ஆனால் அடிப்பக்கம் தடி தடியாக இருக்கும். துளை எவ்வளவு அகலமோ அதற்குக் குறையாத கனம் சுற்றுச் சுவருக்கும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பீரங்கி இல்லை, குண்டு என்பது அவர் கணக்கு. வருசத்துக்கு ஒரு தரம், ஆகஸ்ட் 15 மாதா திருநாளில், சப்பரம் கோயில் வாசலைத் தாண்டும்போது அது மூன்று தரம் முழங்கும். உருண்டை கிடையாது, வெறும் சத்தம். உரிமம் அவர் பெயரில் இருந்தது. இன்றைக்கும் இந்த நாட்டில் உரிமம் இல்லாமல் கருமருந்தைத் தொட்டால் 1884ஆம் வருசச் சட்டம் தேடி வரும். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் குழாய் தேடிப் போக வேண்டாம்.

முதல் வருசம் அவர் எனக்குக் காட்டித் தந்தது சுடுவதை அல்ல, எங்கே நிற்பது என்பதை. முன்னால் நிற்கக் கூடாது, அது எல்லோருக்கும் தெரியும். பின்னாலும் கூடாது என்பதுதான் பலருக்குத் தெரியாது. சின்னதானாலும் வெடித்ததும் ஆட்டுக்கடா மாதிரிப் பின்வாங்கும். பக்கவாட்டில், சக்கரத்துக்கு அப்பால், கைக்கெட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். வாய் கடலைப் பார்த்திருக்க வேண்டும், கடலில் படகு வருகிறதா என்று ஒருத்தன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மருந்துப் பெட்டி மூடியபடி காற்று வரும் பக்கம் தள்ளி இருக்கும், பொறி பறந்தால் அந்தப் பக்கம் போகாது. பீடி பிடித்தவன் யாராக இருந்தாலும், கோயில் தர்மகர்த்தாவாக இருந்தாலும், வேப்ப மரத்துக்கு அப்பால்.

பிறகு வேலை. முதலில் செம்புக் கம்பியால் காதைக் குத்திப் பார்ப்பார். திரி வைக்கிற சின்னத் துளையைத்தான் காது என்பார். இரும்புக் கம்பி ஆகாது, உரசினால் பொறி வரும். அடுத்து நீளக் குச்சியில் துணி சுற்றி, தண்ணீரில் நனைத்து, உள்ளே அடிவரை விட்டுத் திருகி எடுப்பார். அப்போது காதைத் தோல் சுற்றிய கட்டைவிரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் குச்சி போய்வரும்போது துருத்தி ஊதினாற்போலக் காற்று ஓடி, உள்ளே மிஞ்சிய கனலை எழுப்பிவிடும். பிறகு காய்ந்த துணி ஒரு தரம்.

மருந்தைப் பெட்டியிலிருந்து நேராகக் கொட்டவே மாட்டார். வீட்டிலேயே செம்பு மூடியால் அளந்து, மெல்லிய காகிதத்தில் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டு வருவார். உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்து பற்றினாலும் எரிவது ஒரு பொட்டலம்தான், கையில் இருக்கும் முழுப் பெட்டி இல்லை. பருத்த மணி மருந்துதான் வேண்டும், பொடி மருந்து அவசரப்பட்டு எரிந்து குழாயை நெருக்கும் என்பார். துப்பாக்கித் தோட்டாவில் இருக்கும் புகையில்லாத மருந்து பற்றி ஒரு தரம் கேட்டேன். அது வேறு சாதி மருந்து, இதில் போட்டால் பீரங்கி கிழியும் என்று சொல்லிவிட்டு, யார் சொன்னது உனக்கு என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எங்கள் ஊரில் பதினான்கு வயதுப் பையன்களுக்கு அதெல்லாம் தெரிந்திருந்தது. நான் பதில் சொல்லவில்லை.

பொட்டலத்தை மரக்குச்சியால் அடிவரை மெதுவாகத் தள்ள வேண்டும். குச்சியை விரல்களால் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும், உள்ளங்கையை அதன் தலையில் வைத்து அழுத்தக் கூடாது. தப்பித் தவறி வெடித்தால் குச்சி போகட்டும், கை இருக்கட்டும். அதற்கு மேல் சத்தம் கூடட்டும் என்று செங்கல் தூளோ கல்லோ வைத்துக் கெட்டிப்பது அவரிடம் நடக்காது. சுற்று வட்டாரத்தில் ஒன்றிரண்டு மொண்டிக் கைகளைக் காட்டுவார். பிறகு காது வழியாகக் கம்பியால் பொட்டலத்தைக் குத்தி, கடைசியில், எல்லோரும் விலகிய பிறகுதான் திரி. நீளக் கழியின் நுனியில் கங்கு கனியும் கயிறு. “காதைப் பொத்து, வாயைத் திற” என்று கத்துவார். திரி சீறும். அப்புறம் நெஞ்சுக்கூட்டில் ஒரு அறை.

அந்த முதல் ஆகஸ்டில் அம்மா வந்திருந்தார். நான் எவ்வளவோ விளக்கிச் சொல்லித்தான் அழைத்து வந்தேன். முதல் முழக்கம் கேட்டதும் எழுந்து முகாமுக்கு நடந்துவிட்டார்.

எனக்கு மருந்துப் பொட்டலம் கட்டக் கற்றுத் தருவதாக அப்பு சொல்லியிருந்தார். அடுத்த மே மாதம் 21ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு எங்களைப் பார்க்கும் கண்கள் மாறின. முகாமில் கெடுபிடி கூடியது, வெளியே போனால் இத்தனை மணிக்குள் திரும்பு என்றார்கள், முன்பு சிரித்தவர்கள் சிலர் சிரிப்பதை நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஆகஸ்ட் நெருங்கியபோது அப்பு முகாம் வாசலுக்கே வந்தார்.

“மருந்தை நீ தொட வேணாம்ப்பு. சிலோன்காரப் பையன் கையில மருந்து இருந்துச்சுன்னு ஒருத்தன் சொன்னாப் போதும். நீ தண்ணி வாளியப் பாத்துக்க.”

எனக்கு அழுகையாக வந்தது. வாளியா? ஆனால் வேலை என்று இறங்கியபோதுதான் தெரிந்தது, அந்த வாளிதான் மூன்று முழக்கத்துக்கும் நடுவில் நிற்கிறது. கருமருந்து எரிந்தால் முழுக்கப் புகையாகிப் போவதில்லை, பாதிக்கு மேல் கரியும் உப்புமாகக் குழாயிலேயே படியும். அதில் எங்கேயாவது ஒரு கங்கு ஒளிந்திருக்கும். ஈரத்துணியை ஒழுங்காக அடிவரை விடாதவன் அடுத்த பொட்டலம் போடுகிறவனின் கையை எடுக்கிறான். வேலை முடிந்த பிறகும் தண்ணீர்தான். அந்தப் படிவு எண்ணெய்க்கு மசியாது, தண்ணீருக்குக் கரையும். அப்படியே விட்டால் இந்தக் கடற்காற்றில் ராத்திரியோடு ராத்திரியாக ஈரம் இழுத்து உலோகத்தை அரிக்கும். வெந்நீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துக் கழுவி, துடைத்து, பிறகு எண்ணெய் பூச வேண்டும். “சவர்க்காரத் தண்ணி ரெடியா?” என்று அவர் கேட்க ஆரம்பித்தார். ஊர்ப் பையன்கள் எனக்கு அதையே பெயராக வைத்தார்கள். இன்றைக்கு மாவட்டம் முழுக்க பெயின்ட் வேலைக்குப் போகிறேன், 2021இல் முகாமின் பெயரைக்கூட அரசாங்கம் மறுவாழ்வு முகாம் என்று மாற்றிவிட்டது, அந்த ஊரில் மட்டும் நான் சவர்க்காரம்தான்.

அந்த 1991 திருநாளில் இரண்டு முழக்கம் நன்றாக முடிந்தது. மூன்றாவதுக்குத் திரி சீறி உள்ளே போனது, சத்தம் இல்லை. சப்பரம் வாசலில் நின்றது. தூக்குகிறவர்கள் தோள் மாற்றினார்கள். பேண்டு வாத்தியம் நின்று மறுபடி தொடங்கியது. “இன்னொரு திரிய வைங்க பெரியவரே” என்று ஒருவர். “நான் போய்ப் பாக்குறேன்” என்று இன்னொருவர் கிளம்ப, அப்பு கழியைக் குறுக்கே நீட்டினார். எவனும் கிட்ட வரக் கூடாது. வெடிக்காத பீரங்கிதான் வெடிக்கப் போகிற பீரங்கி.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தார். அவர் கையில் கடிகாரம் கட்டியதில்லை. வெடிக்காமல் போனால் 53 மணி ஜெபமாலை முழுசும், அதுவரை யாரும் அசையக் கூடாது என்பது அவர் அப்பா வைத்த அளவாம். கூட்டம் முதலில் முணுமுணுத்தது. மாலையில் பத்து மணிகள் உருண்டதும் பெண்கள் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள், பங்குச் சாமியாருக்கும் வேறு வழியில்லை. நான் வாளியைப் பிடித்தபடி நின்றேன். ராத்திரி எட்டு மணிக்குள் முகாமில் இருக்க வேண்டும் என்பது மட்டும் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

முழுசும் முடிந்த பிறகு பக்கவாட்டில் போய், காது வழியாகவும் வாய் வழியாகவும் தண்ணீர் ஊற்றினார். ஊறவிட்டுக் கவிழ்த்தபோது மருந்து சேறாக ஒழுகியது. சப்பரம் சத்தமில்லாமலே கிளம்பியது.

நான் கழுவுவதற்குக் குனிந்தேன். “அத விடு” என்றார். என் கையைப் பிடித்து மோந்து பார்த்தார். கெட்ட முட்டை நாற்றம். வாளித் தண்ணீரில் என் கையை முக்கி, சவர்க்காரம் போட்டு நகக்கண் வரை தேய்த்தார். மறுபடி மோந்தார், மறுபடி தேய்த்தார். மூன்று தரம். சட்டையையும் கழற்றச் சொல்லி, அவர் பேரனின் சட்டையைக் கொடுத்தார். எனக்கு முட்டி வரை வந்தது. பிறகு என்னோடு முகாம் வாசல் வரை நடந்தார், பீரங்கியைக் கழுவாமல் விட்டுவிட்டு.

மணி ஒன்பது தாண்டியிருந்தது. வாசலில் இருந்தவர் அட்டையை வாங்கிப் பார்த்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார், தொளதொளச் சட்டையைப் பார்த்தார். கையை விரிக்கச் சொல்லி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு பேசினார். கால் மணி நேரம் பேசினார். எங்கள் ஊர் அர்த்தத்தில்தான்.